நாய் வளர்த்தால் ஸ்ட்ரெஸ் குறையுமா? செல்லத்தோடு செலவிடும் அந்த 10 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

காலை ஆறு மணி. சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பக்கத் தெருக்களில் தினமும் பார்க்கக் கிடைக்கிற காட்சி இது. ஒரு கையில் நாயின் செயின், மறு கையில் மொபைல். வேப்பமரத்தடியில் எதையோ மோப்பம் பிடித்தபடி நாய் நின்றுவிடுகிறது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "வாடா, டைம் ஆச்சு" என்று செயினை இழுக்கிறார் உரிமையாளர். பத்து நிமிடத்தில் இருவரும் வீடு திரும்பிவிடுகிறார்கள். வாக்கிங் முடிந்தது. கணக்குப்படி நாயோடு நேரம் செலவிட்டாயிற்று.

உண்மையில் செலவிட்டாரா என்பதுதான் கேள்வி.

"நாய் வளர்த்தா பிபி குறையும், டென்ஷன் போயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் யூடியூப் டாக்டர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குத் துணையாக ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஆய்வுகளை உட்கார்ந்து படித்தால் கிடைக்கிற பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. நாய் வீட்டில் இருப்பது வேறு, நாம் நாயோடு இருப்பது வேறு. பலன் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

249 மாணவர்களிடம் நடந்த சோதனை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பென்ட்ரி என்ற ஆய்வாளரும் அவரது சகாவும் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 249 கல்லூரி மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தொட்டுத் தடவி, கொஞ்சி விளையாடியது. இரண்டாவது குழு, தங்கள் முறைக்காக வரிசையில் நின்றபடி அதை வேடிக்கை பார்த்தது. மூன்றாவது குழு அதே விலங்குகளின் படங்களைத் திரையில் பார்த்தது. நான்காவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. மொபைலும் இல்லாமல் சும்மா காத்திருந்தார்கள்.

பிறகு எல்லோருடைய எச்சிலையும் எடுத்து கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். கார்டிசால் என்பது மனஅழுத்தத்தின்போது உடல் சுரக்கும் ஹார்மோன். காலையில் கண் விழித்ததும் அது தானாகவே உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். அதனால் காலையில் எழுந்தவுடன் எடுத்த மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொட்டுப் பழகிய குழுவுக்குத்தான் கார்டிசால் மற்ற மூன்று குழுக்களையும்விடக் குறைவாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, வேடிக்கை பார்த்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பது. இன்ஸ்டாகிராமில் நாய்க்குட்டி ரீல்ஸ் பார்த்து "மனசு லேசாயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதே நேரம், இது பத்து நிமிடத்தின் கதை மட்டுமே. அந்த மாணவர்கள் அடுத்த மாதமும் நிம்மதியாக இருந்தார்களா என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை. விலங்குகளைப் பிடிக்கும் என்று தாங்களாகவே வந்தவர்கள்தான் இதில் கலந்துகொண்டார்கள். நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நாய் மார்க் போடாது

இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று இன்னும் சுவாரசியமானது. 1991-ல் கேரன் ஆலன் என்ற ஆய்வாளர் 45 பெண்களுக்கு மனக்கணக்குப் போடும் வேலை கொடுத்தார். சிலர் பக்கத்தில் நெருங்கிய தோழி உட்கார்ந்திருந்தார். சிலர் பக்கத்தில் அவர்கள் வளர்க்கும் நாய். சிலர் தனியாக. தோழி பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அதிகம் எகிறின. நாய் இருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் மிகக் குறைவு.

தோழி கெட்டவர் என்று அர்த்தமில்லை. "தப்பா போட்டா என்ன நினைப்பாளோ" என்ற எண்ணம்தான் காரணம். நாய்க்கு மதிப்பெண் போடத் தெரியாது. அப்ரைசலில் என்ன ரேட்டிங் வந்தது, பையன் நீட்டில் எவ்வளவு எடுத்தான், வீட்டுக்கடன் இன்னும் எத்தனை வருஷம் என்று எதையும் அது கேட்காது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை வரைக்கோ, மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆருக்கோ தினம் போய்வந்து, எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவருக்கு அந்த நாளில் கேள்வி கேட்காத ஒரே உயிர் அதுவாகத்தான் இருக்கும்.

அதே கேரன் ஆலன் குழு 2001-ல் நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தரகர்கள் 48 பேரிடம் இன்னொரு சோதனை செய்தது. எல்லோருக்கும் உயர் ரத்த அழுத்தம், எல்லோருக்கும் ஒரே மாத்திரை. பாதிப் பேரிடம் மட்டும் நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது எடுத்த பிபி இரு தரப்புக்கும் ஒரே மாதிரி குறைந்தது. அது மாத்திரையின் வேலை. ஆனால் டென்ஷனான வேலை கொடுத்தபோது எகிறும் பிபி, விலங்கு வளர்த்தவர்களுக்குக் குறைவாக எகிறியது. ஆகவே, வீட்டில் நாய் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு.

கண்ணோடு கண்

சிரித்த முகத்தோடு நாய் நம்மை நிமிர்ந்து பார்க்கும்போது உள்ளுக்குள் ஏதோ இளகுகிறதே, அது வெறும் கற்பனையா? ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். நாயையும் வளர்ப்பவரையும் ஒரு அறையில் அரை மணி நேரம் விட்டு, முன்னும் பின்னும் இருவருடைய சிறுநீரிலும் ஆக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பிணைப்பை உண்டாக்குவதில் பங்கு வகிக்கும் ஹார்மோன் அது. நீண்ட நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் நாய், மனிதர் இருவருக்குமே ஆக்சிடோசின் கூடியிருந்தது. மனிதர் கையால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததில் நாய் கற்றுக்கொண்ட மொழி இது. தமிழ்நாட்டிலும் இந்த உறவுக்குப் பழைய சாட்சி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. வீரனின் பெயரோடு நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணோடு கண் பார்ப்பதெல்லாம் நாமே வளர்த்து, நம்மை நம்புகிற நாயிடம் மட்டும்தான். தெரியாத நாயை, தெருநாயை உற்றுப் பார்த்தால் அதை அது சவாலாகவே எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்றால் தியானமா?

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் முழுசாகக் கவனிப்பதுதான் மைண்ட்ஃபுல்னஸ். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்து, 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் இதை மருத்துவமனைப் பயிற்சியாக மாற்றினார். இன்று ஐ.டி. கம்பெனிகள் இதற்குத் தனி வகுப்பே நடத்துகின்றன.

கண்ணை மூடி உட்கார்ந்தால் ஐந்தாவது வினாடியில் நாளைய மீட்டிங் ஞாபகம் வருகிறதே என்பவர்களுக்கு நாய் ஒரு நல்ல வழி. மனதை நிறுத்தி வைக்க ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? மூச்சுக்குப் பதில் அந்த இடத்தில் நாயை வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது. அந்த நிமிடத்தில் அந்தப் புல், அந்த வாசனை, அவ்வளவுதான்.

அப்படியானால் நாயோடு இருப்பதும் தியானமும் ஒன்றா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மாணவர்களில் ஒரு குழுவுக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, ஒரு குழுவுக்கு நாயோடு நேரம், ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. தியானம், நாய் இரண்டுமே அப்போதைய பதற்றத்தைக் குறைத்தன. ஆனால் கடினமான மூளை வேலை ஒன்றைக் கொடுத்தபோது இதயத்துடிப்பு நிதானமாக இருந்தது தியானம் பழகியவர்களுக்குத்தான். பயிற்சியின் இடத்தை நாய் பிடித்துவிடாது. பயிற்சிக்கு உட்காரவே மனம் வராதவருக்கு அது ஒரு தொடக்கம்.

அந்த 10 நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில் மொபைலை வீட்டில் வையுங்கள். பாக்கெட்டில் சைலண்டில் வைப்பதும் வீட்டில் வைப்பதும் ஒன்றல்ல என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

வாக்கிங்கில் ஒரு பகுதியையாவது நாயின் போக்கில் விடுங்கள். அது நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். நாய்க்கு மோப்பம் பிடிப்பது நமக்குப் பேப்பர் படிப்பது மாதிரி. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற முழு விவரமும் அந்த மின்கம்பத்தில் இருக்கிறது. ஷார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-ல் 20 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி செய்த நாய்கள், எஜமானர் பக்கத்திலேயே ஒட்டி நடக்கும் பயிற்சி செய்தவற்றைவிட நம்பிக்கையோடு புது விஷயங்களை அணுகின. நீங்கள் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் பாதம் தரையில் படுவதை, காற்றை, தூரத்தில் கேட்கும் ரயில் சத்தத்தைக் கவனியுங்கள். பயிற்சி என்றால் இவ்வளவுதான்.

நேரம் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் ஜி.எஸ்.டி. சாலை பக்கத் தெருக்களில் காலை எட்டு மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வினாடி தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி குளிர்நாட்டு நாய்களை ஆசைக்கு வாங்கிவிட்டு, மதியம் பவர் கட் ஆனால் தவிக்கிற வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. நம் வெயிலுக்குப் பழகியவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி, அதோடு சாதாரணத் தெருநாய்க்குட்டி. நாட்டு இனங்களைக் காப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு 1980-களில் தொடங்கப்பட்டது.

வெளியே போக முடியாத நாளில் வீட்டுத் தரையிலேயே போதும். ஃபேனுக்கு அடியில், நாய்க்குப் பக்கத்தில் உட்காருங்கள். மேலிருந்து தலையில் தட்டுவது பல நாய்களுக்குப் பிடிக்காது. தாடைக்குக் கீழே, மார்பில், காதின் பின்பக்கம் மெதுவாகத் தடவுங்கள். சில வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நாய் நெருங்கி வந்து கையை முட்டினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டால், உதட்டை நக்கினால், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் "இப்போ வேணாம்" என்று சொல்கிறது. அதை மதித்து விலகுவதும் இந்தக் கவனத்தில் அடக்கம். குழந்தைகள் நாயை இறுக்கிக் கட்டிப்பிடித்து போட்டோ எடுக்கும்போது இந்த அறிகுறிகளைத்தான் பெரியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். "சும்மா இருந்த நாய் திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பிறகு சொல்வார்கள். பெரும்பாலும் அது திடீரென்று கடிப்பதில்லை. முன்பே பல தடவை சொல்லியிருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. தினம் பத்து நிமிடம் கவனித்துத் தடவுகிறவர் கையில்தான் காதுக்குள் ஒளிந்திருக்கும் உண்ணி, வயிற்றுப் பக்கம் புதிதாக வந்த கட்டி, பாதத்தில் குத்திய முள் எல்லாம் முதலில் படும். நம் ஊரில் உண்ணி மூலம் பரவும் ரத்தக் காய்ச்சல் நாய்களைக் கொல்லக்கூடியது. சாப்பாட்டில் ஆர்வமில்லாமல் படுத்திருக்கிறது என்பதை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடிப்பது சில நேரம் உயிரையே காப்பாற்றும்.

நம் டென்ஷன் அதற்கும் ஒட்டும்

ஸ்வீடனின் லின்ஷோபிங் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு நாய் வளர்ப்பவர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். 58 நாய்கள், அவற்றை வளர்க்கும் பெண்கள் ஆகியோரின் முடியில் சேர்ந்திருந்த கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். முடியில் பார்த்தால் பல மாதக் கணக்கு தெரிந்துவிடும். வளர்ப்பவருக்கு நீண்டகால மனஅழுத்தம் அதிகமாக இருந்த இடத்தில் நாய்க்கும் அதிகமாக இருந்தது. நாயின் குணத்தைவிட வளர்ப்பவரின் குணமே இதில் அதிகத் தாக்கம் செலுத்தியதாக ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆபீஸ் கோபத்தோடு வந்து கதவை அறைந்து சாத்துகிற வீட்டில் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி வாரத்தில் இது நன்றாகவே தெரியும். பட்டாசு வெடிக்க அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் சத்தம் அந்த இரண்டு மணி நேரத்தோடு நிற்பதில்லை. அப்போது நாயை அதட்டாமல், உள்ளறையில் டிவியோ ஃபேனோ ஓடவிட்டு, அமைதியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் உதவும். பயப்படும் நாய்க்கு ஆறுதல் சொன்னால் பயம் அதிகமாகும் என்பது தவறான நம்பிக்கை.

மழைக்காலமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர் தண்ணீரில் தவித்தது. தாழ்வான பகுதியில் நாய் வளர்ப்பவர்கள் தங்களுக்கு எடுத்து வைக்கும் பையோடு நாயின் தடுப்பூசி அட்டை, சில நாளைக்கான உணவு, கழுத்துப்பட்டை, செயின் எல்லாவற்றையும் அக்டோபரிலேயே எடுத்து வைத்துவிட்டால் படகு வரும்போது "நாயை விட்டுட்டு எப்படி வர்றது" என்று மொட்டை மாடியில் நிற்க வேண்டியிருக்காது.

'டாக்டர் டாக்'

நாயை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் யோசனை தற்செயலாக வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தபோது, யாரிடமும் பேசாத ஒரு சிறுவன் நாயிடம் நெருங்கினான். பிறகு மெல்ல டாக்டரிடமும். 1960-களின் தொடக்கத்தில் லெவின்சன் இதைச் சொன்னபோது சக மருத்துவர்களில் சிலர் கேலி செய்தார்கள். இன்று விலங்குவழிச் சிகிச்சை என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சென்னைக்கும் இது புதிதில்லை. ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம் ப்ளூ கிராஸ் அமைப்பின் வழியே இங்கே வந்தது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரத்தில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளோடு நாய்கள் பழகவிடப்பட்டன. இந்த வேலைக்கு எல்லா நாயும் ஆகாது. சத்தத்துக்கு மிரளாத, அந்நியர் தொட்டாலும் பொறுத்துக்கொள்ளும் குணம் இருக்கிறதா என்று சோதித்துத்தான் எடுப்பார்கள். வீட்டில் குரைத்துத் தள்ளும் டாமியை நேராகச் சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப் போய்விட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது

நாய் வளர்ப்போர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. 1980-ல் எரிகா ஃப்ரீட்மன் குழு, இதய நோயிலிருந்து மீண்ட 92 பேரைக் கவனித்தது. விலங்கு வளர்த்த 53 பேரில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். 2017-ல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் நாய் வளர்ப்போருக்கு, அதிலும் தனியாக வசிப்போருக்கு, இறப்பு அபாயம் குறைவாகத் தெரிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்கத் தெம்பும், கையில் கொஞ்சம் காசும், சொந்த வீடும் இருப்பவர்தானே பெரும்பாலும் நாய் வளர்க்கிறார்? அவர் ஆரோக்கியமாக இருப்பதற்கு நாய் காரணமா, நாய் வளர்ப்பதற்கு ஆரோக்கியம் காரணமா?

அதே 2017-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் கலிஃபோர்னியாவில் 5,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தகவலை எடுத்துப் பார்த்தது. நாயோ பூனையோ உள்ள வீட்டுக் குழந்தைகள் முதல் பார்வைக்கு ஆரோக்கியமாகவே தெரிந்தார்கள். குடும்ப வருமானம், வீட்டு வசதி போன்றவற்றைக் கணக்கில் கொண்டுவந்ததும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. நாய் வைத்திருந்தாலே போதும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

பாரமும் சாதாரணமானதல்ல. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் குழு 2017-ல் 238 உரிமையாளர்களிடம் விசாரித்தது. தீராத நோயுள்ள செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனஅழுத்தமும் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளும் மற்றவர்களைவிட அதிகம். படுத்த படுக்கையான பெரியவரைக் கவனிப்பவர் அனுபவிப்பதைப் போன்ற சுமை அது. பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே இருந்த நாய் போன பிறகு வரும் துக்கத்தை "ஒரு நாய்தானே" என்று அக்கம்பக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். விடுமுறை கேட்கவும் முடியாது, அழவும் கூச்சம்.

70 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு லாப்ரடார் குட்டி வாங்கித் தருவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 30 கிலோ நாய் செயினை இழுத்தால் அம்மாவின் இடுப்பு என்னாகும்? அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நாயை யார் பார்ப்பது? குட்டியைவிட, ஓடி ஆடி முடித்த ஐந்தாறு வயது நாயைத் தத்தெடுப்பது அவர்களுக்குப் பொருந்தும். அதற்கும் முன்னால், அவர்களுக்கு நாய் வேண்டுமா என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

அபார்ட்மெண்ட்காரர்களுக்கு வேறு தலைவலி. நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல் உரிமையாளருக்கும் பொறுப்புச் சொல்கிறது: பொது இடத்தில் செயினோடு கூட்டிப்போக வேண்டும், அசுத்தம் செய்தால் அள்ள வேண்டும், குரைத்து ஊரை எழுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதன் பிறகு நாயைக் கண்டு அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டால் கோபப்படுவதில் நியாயமில்லை. உரிமம் எடுக்கும்போது ஒரு விஷயம்: வேளச்சேரி, மடிப்பாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சி. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் எல்லாம் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி. எந்த அலுவலகம் என்று பார்த்துப் போனால் ஒரு நாள் லீவு மிச்சம்.

ரேபிஸ் தடுப்பூசி பற்றிப் பேசாமல் கொஞ்சல் பற்றிப் பேசக் கூடாது. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். வீட்டு நாய் என்றாலும், விளையாட்டாகப் பல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்குப் பெரும்பாலும் மருந்து இல்லை.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் அதை நாயின் தலையில் கட்டக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

நாய் வளர்க்க இடமில்லாதவர்கள்?

வாடகை வீடு, ஓனர் சம்மதிக்கவில்லை, நாள் முழுக்க ஆபீஸ். இப்படி இருப்பவர்கள் தெருநாயைக் கட்டிப்பிடித்துத்தான் ஆறுதல் தேட வேண்டும் என்றில்லை. 1959-ல் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் தொடங்கிய ப்ளூ கிராஸ் கிண்டி, வேளச்சேரி சாலையில் இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை. இரண்டும் காயம்பட்ட, கைவிடப்பட்ட விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள். குளிப்பாட்டவும், வாக்கிங் கூட்டிப்போகவும், பயந்துபோன நாய்க்குப் பக்கத்தில் சும்மா உட்காரவும் இப்படிப்பட்ட காப்பகங்களுக்கு எப்போதும் ஆள் தேவை. வளர்த்தவர் விட்டுவிட்டுப் போன நாய்கள் அங்கே அதிகம். அவற்றில் சில முதல் நாள் கிட்டவே வராது, மூன்றாவது வாரம் கேட் சத்தம் கேட்டதும் வாலாட்டும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம்தான். போவதற்கு முன் தன்னார்வலர் நேரம் என்ன என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பேன்ட், கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.